பொம்மைப் படையின் தளபதி

நவராத்திரி நெருங்கிவிட்டால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் மண் பொம்மைகள் வரிசை கட்டி உட்கார்ந்துவிடும். தசாவதாரம் ஒரு பக்கம், கல்யாண கோஷ்டி ஒரு பக்கம், சிவப்புச் சட்டை போட்ட பேண்டு வாத்தியக்காரர்கள் ஒரு பக்கம். அங்கிருந்து அவை அடையாறுக்கும் தியாகராய நகருக்கும் வேளச்சேரிக்கும் பிரயாணமாகும். கொலுப் படிகள் பெரியவர்களுடைய ராஜ்யம். படிக்குக் கீழே இருக்கும் தரையோ குழந்தைகளுடைய ராஜ்யம். மணலைக் கொட்டி, கேழ்வரகை முளைக்க வைத்துப் புல்வெளி உண்டாக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி, தீப்பெட்டியால் வீடு கட்டி, ஒரு முழு ஊரையே அங்கே எழுப்பிவிடுவார்கள். வயலும் ஏரியுமாக இருந்த வேளச்சேரி இன்று மாடி வீடுகளாகிவிட்டது. ஆனாலும் அந்த மாடி வீடுகளின் கூடத்து மூலையில் இந்தப் பார்க் ஆண்டுதோறும் முளைக்கத்தான் செய்கிறது.

இதே வேலையை, நாற்பது வயது தாண்டிய பிறகு, கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் மண்டியிட்டுச் செய்த ஒரு பெரிய மனிதர் இங்கிலாந்தில் இருந்தார். அவருடைய நண்பர்களும் கூடவே மண்டியிட்டார்கள். அட்டை வீடுகளுக்கும் குச்சி மரங்களுக்கும் நடுவே வர்ணம் தீட்டிய ஈயச் சிப்பாய்களை நிறுத்தி, மணிக்கணக்கில் போர் நடத்தினார்கள். உலகமே வாசித்த ஆசிரியர் அவர். பெயர் எச். ஜி. வெல்ஸ்.

இன்று பல தேசங்களில், வேலை முடிந்து வீடு திரும்பும் பெரியவர்கள் விரல் உயரச் சிப்பாய்களுக்கு மெல்லிய தூரிகையால் வர்ணம் பூசி, மேஜை மேல் படை நடத்துகிறார்கள். அந்த விளையாட்டுக்குத் தகப்பன் என்று அவர்கள் சொல்வது வெல்ஸைத்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், யுத்தத்தை விளையாட்டாக்கித் தந்த அந்த மனிதர், யுத்தத்தை உலகத்தை விட்டே ஒழிக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் எழுதியவர்!

பீங்கான் கடைப் பிள்ளை

1866-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி, லண்டனுக்குப் பக்கத்திலுள்ள பிராம்லி என்ற ஊரில் ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ் பிறந்தார். தகப்பனார் ஜோசப் முதலில் தோட்டக்காரர்; பிறகு ஒரு பீங்கான் பாத்திரக் கடையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவர். கடையில் கப்பும் சாஸரும் ஒரு புறம் இருக்கும். கிரிக்கெட் மட்டையும் பந்தும் மறு புறம் இருக்கும். காரணம், ஜோசப் பேர் பெற்ற பந்து வீச்சாளர். 1862-ல் கென்ட் அணிக்காக ஸஸெக்ஸ் அணியை எதிர்த்து ஆடியபோது, அடுத்தடுத்த நாலு பந்துகளில் நாலு விக்கெட்டுகளைச் சாய்த்தவர். பந்து வீசத் தெரிந்த கைக்கு வியாபாரம் செய்யத் தெரியவில்லை. கடை ஓடவும் இல்லை, மூடவும் முடியவில்லை.

தாயார் ஸாரா, அப்பார்க் என்ற பெரிய மாளிகையில் சீமாட்டிக்குப் பணிப்பெண்ணாக இருந்தவர். கடைக்குப் பின்னால் இருந்த இருட்டு வீட்டில், கிழிந்ததைத் தைத்தும் பழையதைப் புதுக்கியும் காலம் தள்ளினார்.

1874-ல் பையனுக்கு ஒரு விபத்து. விளையாட்டாக அவனைத் தூக்கிப் போட்டுப் பிடித்த ஒரு வாலிபனின் கை தவறியது; பையனுடைய கால் ஒடிந்தது. வாரக்கணக்கில் படுக்கை. படுத்த இடத்துக்குப் புத்தகங்கள் வந்து குவிந்தன. தூர தேசங்கள், மிருகங்கள், யுத்தங்கள், சரித்திரம் என்று ஒன்றையும் விடாமல் படித்தான். அந்தக் கால் ஒடிந்திராவிட்டால் தாம் ஒரு கடைச் சிப்பந்தியாகவே செத்திருக்கலாம் என்று பிற்காலத்தில் வெல்ஸ் நினைத்தார்.

படிப்பு ஒரு பித்தையும் கொண்டு வந்தது. 10 வயது முதல் 13 வயது வரை அந்தப் பையன் மனத்துக்குள் ஒரு மகா சேனாதிபதியாக இருந்தான். சத்து இல்லாத உடம்பும் மட்டமான உடுப்புமாக, பிராம்லித் தெருக்களில் தனியே விசில் அடித்துக்கொண்டு போவான். ஆனால் அவனுக்கு முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியாத குதிரைப் படை போய்க்கொண்டிருக்கும். ஊரோரத்தில் உள்ள மார்ட்டின்ஸ் குன்றில் அவன் ஜெயித்த போர்களுக்குக் கணக்கில்லை. எதிரிகளை ஒழித்து உலகத்தைத் தன் இஷ்டப்படி சீர்படுத்துவான். பிறகு இரவு உணவுக்கு வீடு திரும்புவான்.

இந்தப் பிள்ளைக் கனவை வெல்ஸ் மறக்கவில்லை. 1934-ல் சுயசரிதை எழுதியபோது அதை ஒளிக்காமல் சொன்னார். ஜெர்மனியில் ஹிட்லர் தலையெடுத்திருந்த நேரம் அது. தாம் 13 வயதில் கண்ட அசட்டுக் கனவேதான் அங்கே உயிர் பெற்று ஆட்சி நடத்துகிறது என்பது அவருடைய தீர்ப்பு. பிள்ளைப் பிராயத்தோடு போக வேண்டிய ஆசை, வளர்ந்த மனிதனிடம் நிஜத் துப்பாக்கியோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஜவுளிக்கடையிலிருந்து கல்லூரிக்கு

1877-ல் தகப்பனாரின் தொடை எலும்பு முறிந்தது. கிரிக்கெட் வருமானம் அதோடு போயிற்று. 1880-ல் தாயார் பழைய மாளிகைக்கே வீட்டு நிர்வாகியாகத் திரும்பினார். பிள்ளைகளைத் தொழிலில் சேர்த்தாக வேண்டும். ஜவுளி வியாபாரத்தைவிட மரியாதையான தொழில் இல்லை என்பது அந்தத் தாயின் நம்பிக்கை.

ஸவுத்ஸீ என்ற ஊரில் ஒரு ஜவுளிக்கடையில் வெல்ஸ் வேலை பழகச் சேர்ந்தார். நாளுக்கு 13 மணி நேரம் வேலை. துணியை மடிப்பது, பிரிப்பது, மறுபடி மடிப்பது! இரண்டு ஆண்டுகள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து, பட்டினியாக 17 மைல் நடந்து, மாளிகைக்குப் போய்த் தாயார் முன்னால் நின்றார். இனி அந்தக் கடைக்குப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

1883-ல் மிட்ஹர்ஸ்ட் பள்ளிக்கூடத்தில், படித்துக்கொண்டே பாடம் சொல்லும் வேலை கிடைத்தது. மறு ஆண்டே உபகாரச் சம்பளத்துடன் லண்டனில் விஞ்ஞானக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கே அவருக்கு உயிர்நூல் கற்பித்தவர் தாமஸ் ஹக்ஸ்லி. டார்வினுடைய கொள்கைக்காக உலகத்தோடு மல்லுக்கு நின்ற அதே ஹக்ஸ்லிதான். ஜீவராசிகளில் மனிதனும் ஒன்று, அறிவைப் பயன்படுத்தாவிட்டால் அவனும் மண்ணோடு மண்ணாகிவிடுவான் என்ற எண்ணம் அந்த வகுப்பில்தான் வெல்ஸின் மனத்தில் வேரூன்றியது.

ஆனாலும் கடைசிப் பரீட்சையில் தோல்வி. 1887-ல் வேல்ஸ் நாட்டில் ஒரு சிறு பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயராகப் போனார். கால்பந்து ஆடும்போது ஒரு பையன் மோதியதில் சிறுநீரகம் சேதமடைந்தது, இரத்தம் கக்கினார். க்ஷயரோகமோ என்று எல்லோரும் பயந்தார்கள். பிழைத்து எழுந்து, 1890-ல் லண்டன் பல்கலைக்கழகப் பட்டத்தை வாங்கியே தீர்த்தார்.

வருங்காலத்தை எழுதிய கை

நோயாளிக்கு ஓடியாடி வேலை செய்ய முடியாது, உட்கார்ந்து எழுதலாம். 1895-ல் கால யந்திரத்தைப் பற்றிய நாவல் வெளிவந்தது. 1897-ல் கண்ணுக்குத் தெரியாத மனிதனின் கதை. 1898-ல் செவ்வாய்க் கிரகத்தார் பூமியின் மேல் படையெடுக்கும் கதை. அந்தக் கதையை எழுதும்போது வோக்கிங் என்ற ஊரில் குடியிருந்தார். சைக்கிளில் ஊரைச் சுற்றி வந்து, எந்தத் தெருவை, எந்த வீட்டைச் செவ்வாய்க்காரன் பொசுக்க வேண்டும் என்று குறித்துக்கொள்வாராம். மார்ட்டின்ஸ் குன்றின் சேனாதிபதி இன்னும் உள்ளே உயிரோடுதான் இருந்தான்!

யுத்தத்தைப் பற்றி அவர் எழுதியவை பிற்காலத்தில் பலித்தன. 1903-ல் இரும்புக் கவசம் பூண்டு நிலத்தில் ஊர்ந்து வரும் போர் யந்திரங்களைப் பற்றி ஒரு சிறுகதை எழுதினார். 1916 செப்டம்பரில் பிரான்ஸில் ஸோம் போர்க்களத்தில் டாங்கிகள் ஊர்ந்து வந்தன. 1908-ல் ஆகாயத்திலிருந்து நகரங்களைத் தாக்கும் யுத்தத்தை வர்ணித்தார். அதற்குப் பிறகு உலகம் கண்டது அதைத்தான்.

பணம் வந்தது. ஸாண்ட்கேட் என்ற கடற்கரை ஊரில் சொந்த வீடு எழுந்தது. மனைவி ஏமி காதரின். ஜேன் என்று அழைப்பார். 1901-ல் மூத்த மகன் ஜார்ஜ் பிலிப், 1903-ல் இளையவன் பிராங்க். பிள்ளைகளோடு பொம்மைகளும் வீட்டுக்குள் வந்தன.

ஈயச் சிப்பாய் வந்த வழி

ஐரோப்பாவில் நெடுங்காலம் பொம்மைச் சிப்பாய்களுக்கு ஜெர்மனிதான் தாயகம். தட்டையாக வார்த்தவை ஒரு ரகம். உள்ளே இடைவெளியில்லாமல் ஈயத்தை நிரப்பி வார்த்தவை மற்றொரு ரகம். பின்னது கனம் அதிகம், விலையும் அதிகம். 1893-ல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் என்ற பொம்மைத் தொழிலாளர் குடும்பம் ஒரு புது யுக்தியைக் கண்டுபிடித்தது. உருக்கிய ஈயக் கலவையை அச்சுக்குள் ஊற்ற வேண்டியது. அச்சைத் தொட்ட ஈயம் உடனே இறுகி ஓடுபோல் ஆகும். நடுவில் இருப்பது இறுகுவதற்குள் அச்சைக் கவிழ்த்து வெளியே கொட்டிவிட வேண்டியது. உள்ளே கூடான சிப்பாய் தயார்! ஈயம் மிச்சம், கனம் குறைவு, விலையும் மலிவு.

சுமார் இரண்டே கால் அங்குல உயரமுள்ள அந்தச் சிப்பாய்களுக்குச் சட்டை, கால்சராய், தொப்பி, முகம் எல்லாம் கையால் தீட்டப்பட்டவை. தீட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கன்னத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளி, மீசைக்கு ஒரு கறுப்புக் கோடு, கண்ணுக்கு ஒரு பொட்டு. நம்முடைய கொலுப் பொம்மைக்காரர்களும் வெள்ளை அடித்து, மேல் வர்ணம் ஏற்றி, கடைசியில்தான் கண் எழுதுகிறார்கள். கண் திறந்த பிறகுதான் மண்ணுக்கு உயிர். ஈயத்துக்கும் அப்படியே.

இதே காலத்தில் இன்னொரு சாமானும் கடைக்கு வந்தது. வில் சுருள் வைத்த சின்னப் பீரங்கி அது. பின்புறமாக ஒரு மரத் துண்டை வைத்து விசையை விட்டால், 9 கஜ தூரத்தில் நிற்கும் பொம்மையைப் பத்துக்கு ஒன்பது தடவை சாய்த்துவிடலாம். இந்தப் பீரங்கி இல்லாவிட்டால் தமது விளையாட்டே பிறந்திருக்காது என்று வெல்ஸ் எழுதினார்.

சாப்பாட்டு மேஜையில் வெடித்த பீரங்கி

ஒருநாள் நண்பர் ஒருவர் விருந்துக்கு வந்தார். அவருடைய பெயரின் முதலெழுத்துக்களை மட்டும் வெல்ஸ் சொல்கிறார். நகைச்சுவை ஆசிரியர் ஜெரோம் கே. ஜெரோம்தான் அவர் என்பது பொதுவான கருத்து. சாப்பாடு முடிந்தது, காப்பி இன்னும் வரவில்லை. பக்கத்து மேஜையில் குழந்தைகள் விட்டுப் போன நாலைந்து சிப்பாய்களும் ஒரு பீரங்கியும் கிடந்தன. நண்பர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குறி பார்த்துச் சுட்டார். ஒரு சிப்பாய் விழுந்தான். அவ்வளவுதான்! என்னால் முடியுமா, உன்னால் முடியுமா என்று போட்டி பிறந்துவிட்டது.

வெறுமனே சுடுவதில் சீக்கிரம் சலிப்புத் தட்டியது. சிப்பாய்கள் ஒளிந்துகொள்ள இடம் வேண்டாமா? அலமாரியிலிருந்து கலைக்களஞ்சியத்தின் தடித்த தொகுதிகள் இறங்கி வந்து வீடுகளாக நின்றன. பிறகு மரக்கட்டைகளால் கோட்டை, அட்டையில் வர்ணம் தீட்டிய வீடுகள், தோட்டத்திலிருந்து ஒடித்து வந்த குச்சிகளால் காடு, தரையில் சுண்ணக்கட்டியால் கோடு இழுத்து ஆறு. கொலுப் பார்க் போலவே ஒரு தேசம் உருவாயிற்று.

வெல்ஸுக்கு முன்னால் யாரும் இப்படி ஆடவில்லை என்று சொல்ல முடியாது. புதையல் தீவு எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன், 1881-82 குளிர்காலத்தில் ஸ்விட்ஸர்லாந்தின் டாவோஸ் ஊரில் நோயாளியாக இருந்தபோது, மனைவியின் மகனோடு மச்சில் ஈயச் சிப்பாய்களை வைத்துப் போர் நடத்தியிருக்கிறார். ஆனால் அது ஒரு வீட்டோடு நின்றது. எவரும் ஆடும்படி சட்டம் எழுதி ஊருக்குக் கொடுத்தவர் வெல்ஸ்.

1911-ல் பிள்ளைகளோடு தரையில் ஆடும் விளையாட்டுக்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர் கடைக்காரர்கள் மேல் ஒரு குறை சொல்கிறார். எந்தக் கடைக்குப் போனாலும் சிப்பாய்ப் பொம்மையே கிடைக்கிறது. தபால்காரரும் கடைக்காரரும் சாதாரண ஜனங்களும் கிடைப்பதில்லை. பொம்மை உலகத்திலும் சாதாரண மனிதனுக்கு இடம் இல்லையே என்பது அவருடைய ஆதங்கம்!

சின்ன யுத்தத்தின் சட்டங்கள்

1913-ல் வெளிவந்த நூலின் பெயர் லிட்டில் வார்ஸ். அதாவது சின்ன யுத்தங்கள். சட்டங்கள் சுலபமானவை. நிலப்பரப்பை அமைத்த பிறகு நடுவில் ஒரு திரையைத் தொங்கவிடுவார்கள். ஒருவர் படையை மற்றவர் பார்க்காதபடி அவரவர் அணிவகுத்துக்கொள்வார்கள். திரை விலகும், போர் தொடங்கும். ஒரு முறைக்குக் காலாட்படை 1 அடி நகரலாம். குதிரைப் படை 2 அடி நகரலாம். பீரங்கியைச் சுட வேண்டுமானால் பக்கத்தில் 4 சிப்பாய்களாவது இருக்க வேண்டும்.

யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க முடியாது. 30 சிப்பாய்களுக்கு ஒரு நிமிஷம், பீரங்கி ஒன்றுக்கு ஒரு நிமிஷம் என்று கடிகாரம் ஓடும். நேரம் முடிந்தால் நகராத சிப்பாய் நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான். பதற்றத்தில் தளபதி செய்யும் தவறு நிஜப் போரைப் போலவே படையைக் கவிழ்த்துவிடும்.

தாயக்கட்டை உருட்டும் வழக்கம் இதில் கிடையாது. பீரங்கி அடிப்பது குறியின் திறமை. கைகலப்புக்கோ ஒரு கடுமையான கணக்கு உண்டு. இரு தரப்பிலும் பலம் சமமாக இருந்தால், ஆளுக்கு ஆள் சரி. இரண்டு பக்கமும் மாண்டு போக வேண்டியதுதான்! ஆதரவில்லாமல் தனித்து மாட்டிக்கொண்ட சிறு படை கைதியாகும். மோதி ஜெயிப்பதைவிட மோதாமல் மடக்குவதே மேல் என்பதை ஆடுகிறவன் தானே கற்றுக்கொள்வான்.

நம் நாட்டுக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையைக் கட்டத்துக்குள் அடக்கிய சதுரங்கம் இந்தியாவில் பிறந்தது. கிராமத்துத் திண்ணையில் கரிக்கோடு கிழித்து ஆடும் ஆடுபுலி ஆட்டத்தில், 3 புலிகளை 15 ஆடுகள் சுற்றி வளைத்து அடக்கிவிடும். சதுரங்கத்தை வைத்தே ஐரோப்பியர் யுத்தப் பயிற்சி விளையாட்டுக்களைச் செய்தார்கள். 1824-ல் பிரஷ்யாவின் ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் வகுத்த வரைபட விளையாட்டு, அந்நாட்டு ராணுவத்தில் பாடமாகவே ஏறியது. அது மெய்ப் போருக்குத் தயாராவதற்கான விளையாட்டு. வெல்ஸின் நோக்கம் அதற்கு நேர் எதிரானது.

நூலின் கடைசிப் பகுதியில் விளையாட்டுப் பேச்சு மறைகிறது. இந்தப் பொம்மைப் போரை மூன்று நாலு தடவை ஆடினாலே போதும், நிஜ யுத்தம் எவ்வளவு குளறுபடியான காரியம் என்பது புரிந்துவிடும் என்கிறார் வெல்ஸ். இங்கே வீடு எரிவதில்லை, விதவை அழுவதில்லை, விழுந்த சிப்பாயை எடுத்து மறுநாள் நிறுத்தலாம். யுத்த வெறி பிடித்த அரசர்களையும் தளபதிகளையும் ஓர் அறையில் அடைத்து, இந்தப் பொம்மைகளைக் கையில் கொடுத்துவிட்டால், ஜனங்கள் நிம்மதியாகத் தங்கள் வேலையைப் பார்க்கலாம் என்பது அவருடைய யோசனை. முள்ளை முள்ளால் எடுக்கும் வைத்தியம்!

அதே நூலின் பின்னிணைப்பில், இதை ராணுவப் பயிற்சிக்கு எப்படி மாற்றலாம் என்பதையும் அவர் ஆராய்கிறார். அதற்கு யோசனை தந்த ராணுவத்தாரில் ஒருவர் கர்னல் மார்க் ஸைக்ஸ். 1916-ல் பிரான்ஸின் பிகோவோடு சேர்ந்து, துருக்கி சாம்ராஜ்யத்தின் அரபு நிலங்களைப் படத்தில் கோடு கிழித்துப் பங்கு போட்டவர் இந்த ஸைக்ஸ்தான். சுண்ணக்கட்டிக் கோட்டை மாலையில் துடைத்துவிடலாம். அந்தக் கோடு போட்ட தகராறுகளோ நூறாண்டு கடந்தும் தீரவில்லை.

சென்னைக்கு வந்த பெரிய யுத்தம்

நூல் வெளிவந்து ஓராண்டுதான் ஆயிற்று. 1914 ஆகஸ்ட் 4-ந் தேதி பிரிட்டன் ஜெர்மனி மீது யுத்தப் பிரகடனம் செய்தது. வெல்ஸின் சொந்த வாழ்க்கையிலும் அது மறக்க முடியாத தினம். இல்லற ஒழுக்கத்தில் அவர் மெச்சத்தக்கவர் அல்ல. ரெபக்கா வெஸ்ட் என்ற இளம் பெண் எழுத்தாளரோடு உறவு கொண்டிருந்தார். அவர்களுடைய ஆண் குழந்தை பிறந்தது அதே ஆகஸ்ட் 4-ந் தேதி!

சின்ன யுத்தத்தால் பெரிய யுத்தத்தைத் தடுக்க முடியவில்லை. தாங்கள் எந்த ராஜாவோடும் சண்டை போடாத சென்னை ஜனங்களின் வாசலுக்கே அது வந்தது. வெல்ஸின் 48-வது பிறந்த தினத்துக்கு மறுநாள், 1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு, எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயிர்ச் சேதமும் உண்டு. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரை விட்டு ஓடினார்கள். உயர் நீதிமன்றச் சுவரில் பதித்த கல் இன்றும் அதைச் சொல்கிறது. தமிழிலோ, பொல்லாத சாமர்த்தியசாலிக்கு எம்டன் என்று பெயரே நிலைத்துவிட்டது.

இந்த நேரத்தில் வெல்ஸ் என்ன செய்தார்? இங்கேதான் அவருடைய வாழ்க்கையின் பெரிய சறுக்கல். யுத்தமே கூடாது என்று எழுதிய அதே பேனா, இந்த ஒரு யுத்தத்தை ஜெயித்துவிட்டால் உலகில் இனி யுத்தமே இராது என்று எழுதியது. அந்தக் கட்டுரைகள் நூலாகி, நூலின் தலைப்பே ஊரெல்லாம் கோஷமாகப் பரவிற்று. 1918-ல் ஜெர்மனிக்கு எதிரான பிரசார இலாகாவிலும் சிறிது காலம் வேலை பார்த்துவிட்டு விலகினார்.

அவருடைய பிள்ளைகள் படைக்குப் போகும் வயதை எட்டவில்லை, தப்பினார்கள். ஊரார் பிள்ளைகள் லட்சக்கணக்கில் மாண்டார்கள். 1916-ல் வெல்ஸ் எழுதிய ஒரு நாவலில், யுத்தத்தை ஆதரித்த ஓர் எழுத்தாளர் தம் மகனைப் போர்க்களத்தில் பறிகொடுத்துக் கலங்குகிறார். அந்தத் தகப்பனுடைய வீடும் ஊரும் பழக்கங்களும் வெல்ஸினுடையவை. தாம் தப்பித்துக்கொண்ட துக்கத்தை எழுத்தில் அவர் தமக்கே விதித்துக்கொண்டார்.

அசோகனைப் போற்றியவர்

யுத்தம் முடிந்தது, யுத்தங்கள் முடியவில்லை. தேசத்துக்குத் தேசம் தனித்தனிச் சரித்திரம் படிப்பதுதான் பகைக்கு வித்து என்று வெல்ஸுக்குத் தோன்றியது. மனித குலம் முழுவதற்கும் ஒரே சரித்திரமாக உலக சரித்திரச் சுருக்கம் ஒன்றை எழுதி, 1920-ல் புத்தகமாக வெளியிட்டார். லட்சக்கணக்கில் விற்றது. சிறையிலிருந்து மகள் இந்திராவுக்கு உலக சரித்திரக் கடிதங்கள் எழுதிய ஜவாஹர்லால் நேருவுக்கும் அது கைகொடுத்தது.

அந்தச் சரித்திரத்தில் அலெக்ஸாந்தருக்கும் நெப்போலியனுக்கும் வெல்ஸ் பெரிய மரியாதை கொடுக்கவில்லை. அவர் தலைவணங்கியது நம் அசோகச் சக்கரவர்த்திக்கு. கலிங்கத்தில் ஜெயித்த பிறகு போரைத் துறந்தவர் அல்லவா? ஆயிரக்கணக்கான அரசர்களின் கூட்டத்தில் தனித்து ஒளிவிடுகிறவர் அவர் ஒருவரே என்று ஆங்கில வாசகர்களுக்கு எடுத்துச் சொன்னார்.

வெல்ஸின் கற்பனைகளில் ஒன்று மிகவும் பயங்கரமாகப் பலித்தது. 1914-ல் வெளிவந்த ஒரு நாவலில் அணுகுண்டு என்ற பெயரையே வைத்து எழுதியிருந்தார். 1932-ல் அதைப் படித்த விஞ்ஞானி லியோ ஸிலார்ட், மறு ஆண்டே அணுவின் தொடர் வினைக்கு வழி கண்டார். 1945 ஆகஸ்ட் 6-ந் தேதி ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது வெல்ஸ் நோயாளியாக லண்டன் வீட்டில் இருந்தார். தம்முடைய கற்பனை கண்ணெதிரே நிஜமானதைக் கண்ட பின்தான் அவர் உயிர் பிரிந்தது. 1946 ஆகஸ்ட் 13-ந் தேதி, 79-வது வயதில் காலமானார். அஸ்தி கடலில் தூவப்பட்டது.

கடைசிக் காலத்திலும் அவர் ஓயவில்லை. இரண்டாவது உலக யுத்தத்தின் நடுவே, ஒவ்வொரு மனிதனுக்கும் உரிய உரிமைகளைப் பட்டியலிட்டு வாதாடினார். 1948-ல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்துக்கு வழி திறந்த முயற்சிகளில் அதுவும் ஒன்று. தரையில் தகப்பனோடு பொம்மைப் போர் ஆடிய மூத்த மகன் ஜார்ஜ் பிலிப், சேனாதிபதி ஆகவில்லை. விலங்கியல் பேராசிரியர் ஆனார்.

விளையாட்டு வளர்ந்த கதை

சின்ன யுத்தம் சாகவில்லை. டிராகுலா படங்களில் நடித்துப் புகழ் பெற்ற பீட்டர் குஷிங், ஓய்வு நேரத்தில் ஈயச் சிப்பாய்களுக்கு வர்ணம் தீட்டி, வெல்ஸின் சட்டப்படியே தரையில் போர் நடத்தினார். 1956-ல் அதைச் செய்திப் படமாகவே எடுத்தார்கள். 1962-ல் டொனால்ட் பெதர்ஸ்டோன் எழுதிய நூல் விளையாட்டைத் தரையிலிருந்து மேஜைக்கு ஏற்றி, ஊர் தோறும் கழகங்கள் தோன்ற வழி செய்தது. ஈயம் குழந்தைகளுக்கு விஷம் என்ற விழிப்பு வந்ததால், பிரிட்டன் கம்பெனி 1966-ல் கூடான ஈயச் சிப்பாய்களை வார்ப்பதை நிறுத்தியது. வேறு உலோகக் கலவையும் பிளாஸ்டிக்கும் அந்த இடத்துக்கு வந்தன.

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ் என்பவர் பொம்மைப் படை விளையாட்டிலிருந்து கிளம்பி, 1974-ல் பூதமும் மந்திரவாதியும் உலவும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை உண்டாக்கினார். வெல்ஸின் நூலுடைய 2004-ம் ஆண்டுப் பதிப்புக்கு முன்னுரை எழுதியவரும் அவரே. 1983-ல் இங்கிலாந்தில் வார்ஹாமர் பிறந்தது. சிப்பாயின் உயரம் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அதற்குள் முகச் சுருக்கமும் கவசத்து ஆணியும் தெரிய வேண்டும்! முதலில் அடிப்பூச்சு, அதன் மேல் வர்ணம், பிறகு தண்ணீராகக் கரைத்த கருஞ்சாயத்தை ஓடவிட்டால் பள்ளங்களில் தங்கி நிழல் காட்டும், ஏறக்குறைய காய்ந்த தூரிகையால் மேடுகளை மட்டும் தடவினால் வெளிச்சம் காட்டும். கடைசியில் கண். ஒரு சிப்பாய்க்கு ஒரு மாலைப் பொழுது போய்விடும்.

இந்தப் பொறுமையில்தான் வெல்ஸின் தத்துவம் அடங்கியிருக்கிறது. ஒரு மாலைப் பொழுது முழுவதும் குனிந்து உட்கார்ந்து கண் எழுதிய சிப்பாயை, ஆடுகிறவன் அவ்வளவு சுலபமாகப் பலி கொடுக்க மாட்டான். விழுந்தால் மனம் பதறும். எடுத்துத் துடைத்து வைப்பான். ஈயத்துக்கும் பிளாஸ்டிக்குக்குமே இவ்வளவு பாசம் என்றால், பத்து மாதம் சுமந்து பெற்று இருபது ஆண்டு வளர்த்த பிள்ளையின் உயிருக்கு எவ்வளவு விலை? படத்தின் மேல் ஊசி குத்திப் படை நகர்த்தும் பெரிய தளபதிகள் கேட்டுக்கொள்ள மறந்த கேள்வி அது.

எச். ஜி. வெல்ஸ் தவறே செய்யாத மகான் அல்ல. ஆத்திரம் வந்த நேரத்தில் அவரும் யுத்தப் பேரிகையை முழக்கினார். ஆனால் மார்ட்டின்ஸ் குன்றின் பிள்ளைச் சேனாதிபதியை எங்கே வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தேசத்தின் எல்லையில் வைக்கக் கூடாது. வீட்டுத் தரையில் வைக்க வேண்டும். அவன் ஆசை தீர அங்கே ஆடட்டும். ஆட்டம் முடிந்ததும் இரு தரப்புச் சிப்பாய்களும் ஒரே பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் படுத்துத் தூங்கட்டும். வெல்ஸ் உலகத்துக்கு விட்டுச் சென்ற சொத்துக்களில் அளவில் சிறியது இந்தச் சின்ன நூல்தான். அது சொல்லும் புத்தி சிறியதல்ல.